குறைந்தபட்சக் கையிருப்பு

தவறு ஒரே ஒரு சொல்லில்தான் நடந்தது. பல்கேரியத் தலைநகரின் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து, இளம் வயதிலேயே பல பெண்களுக்குக் கருமுட்டைக் கையிருப்பு குறைந்துபோகிறது, முன்கூட்டியே சோதித்து உதவ வேண்டும் என்று அமைச்சகத்துக்கு எழுதினார்கள். அதைப் பிரித்த அதிகாரிக்கு மதியச் சாப்பாட்டு நேரம். அவர் கண்ணில் பட்டது "கையிருப்பு" என்ற சொல் மட்டும். கோதுமை, டீசல், கம்பளி, தகர டப்பா மீன் எல்லாவற்றையும் ஆபத்துக் காலத்துக்கென்று பூட்டி வைத்திருக்கும் கையிருப்பு வாரியத்துக்கு அதைத் தள்ளிவிட்டு, அவர் சூப் குடிக்கப் போனார்.

வாரியம் பெற்றுக்கொண்டது. வந்த சரக்கைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. பிழை என்று சொல்ல வேண்டுமானால் பிழை செய்தவர் யார் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். அது ஒருவருக்கும் நல்லதல்ல என்பதில் மேலிருந்து கீழ்வரை எல்லோரும் ஒருமனமாக இருந்தார்கள். ஆகவே ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு மாவட்டத் தானியக் கிடங்கிலும் ஒரு பெண்கள் பிரிவு திறக்கப்பட்டது.

டான்யூப் கரையிலிருக்கும் வெர்போவோ ஊரில் அந்தப் பிரிவு, கோதுமைக் கோபுரங்களுக்கும் மீன் டப்பா அறைக்கும் நடுவே இருந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு காலை நெவெனா அங்கே போய் நின்றாள்.

நெவெனா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். அவளை நேரில் தெரியாதவர்கள்கூட அவள் குரலை அறிவார்கள். வண்டி தாமதம் என்று அவள் சொன்னால் ஜனங்களுக்குக் கோபம் பாதிதான் வரும். வயது முப்பத்து மூன்று. கல்யாணமாகி ஆறு வருடமாகக் குழந்தை இல்லை. இப்போது மாதவிலக்கும் விட்டு விட்டு வர ஆரம்பித்திருந்தது. அவள் அம்மாவுக்கு முப்பத்தேழிலேயே நின்றுபோனது. அந்த எண் நெவெனாவின் மனதில் கடிகாரம்போல ஓடிக்கொண்டிருந்தது. தலைநகர் மருத்துவமனையில் சிகிச்சை உண்டு, அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். ஆனால் வாரியத்தின் விடுவிப்புச் சீட்டு இல்லாமல் அங்கே வாசலைக்கூடத் திறக்க மாட்டார்கள். அவளுக்கு வேண்டியது அந்தச் சீட்டு ஒன்றுதான்.

"கொண்டு வந்தீங்களா, எடுக்க வந்தீங்களா?" என்றார் வாயில் காவலாளி.

"ரத்தம் குடுக்க வந்தேன்."

"அப்ப வரவு. லாரி எங்க?"

"லாரி இல்லைங்க. நான் மட்டும்தான்."

"நீங்கதான் சரக்கா?"

நெவெனா ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் தலையைப் பக்கவாட்டில் அசைத்தாள். அந்த நாட்டில் ஆமாம் என்றால் அப்படித்தான். இல்லை, வேண்டாம், முடியாது எல்லாம் மேலும் கீழும். வெர்போவோவில் பெண் கட்டிய வெளிநாட்டு மாப்பிள்ளை ஒருவர், போதும் போதும் என்று பக்கவாட்டில் தலையசைத்து அசைத்தே மாமியார் வீட்டில் ஐந்து தட்டு குடல் சூப் குடித்துப் படுத்த படுக்கையானார்.

"உள்ள வர்ற எதுவும் எடை போடாம வரக் கூடாது" என்று காவலாளி அவளை லாரி எடைமேடையில் ஏற்றினார். முள் அசையவில்லை. அவர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு எடையே இல்லையேம்மா."

"லாரிக்கு உள்ள மேடைங்க அது."

"மேடை தப்பு சொல்லாது" என்று அவர் 'எடை: இல்லை' என்று குறித்துக்கொண்டார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "தரையில பனி இருக்கு, பாத்து எறங்குங்க" என்று கையைக் கொடுத்தார். வாரியத்தில் அந்தக் கைக்கு விதி ஏதும் இல்லை. அவராகக் கொடுத்தது.

ரத்தம் எடுத்தவள் ருமியானா என்ற செவிலி. மருத்துவமனையிலிருந்து இங்கே மாற்றப்பட்டவள். அவளைச் சுற்றிக் கூரை வரைக்கும் மீன் டப்பாக்கள்.

"பொறு கண்ணு, என் கை ஐஸா இருக்கு" என்று தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பற்றிச் சூடேற்றிக்கொண்ட பிறகுதான் நெவெனாவின் கையைத் தொட்டாள். "என்ன, மார்ச் பொறந்தாச்சு, மணிக்கட்டுல நூலையே காணோம்?" மார்ச் பிறந்ததும் ஒருவர் மணிக்கட்டில் இன்னொருவர் சிவப்பும் வெள்ளையுமாக நூல் முறுக்கிக் கட்டுவது அந்த நாட்டு வழக்கம்.

"எனக்கு நானே கட்டிக்க முடியாதே. ஸ்தோயான் மறந்துட்டான்."

"புருஷனுங்களுக்கு மறக்கறதுன்னா தனித் திறமை." ருமியானா கட்டுத்துணியிலிருந்து ஒரு வெள்ளை இழையை உருவினாள். கோதுமைச் சாக்கு தைக்கும் சிவப்பு நூலில் கொஞ்சம் கடித்து எடுத்தாள். இரண்டையும் முறுக்கி, ஊசி குத்திய கையிலேயே கட்டினாள். "நாரை கண்ணுல படணும், இல்ல பூத்த மரம் படணும். அதுவரைக்கும் கழட்டாத. அப்பறம் ஒரு கிளையில கட்டிடு."

"முட்டை எவ்வளவு இருக்குன்னு சொல்ற அந்த ஏ.எம்.ஹெச். எண் கம்மியா வந்தா என்னக்கா அர்த்தம்?"

"எண்ணிக்கை கம்மின்னு அர்த்தம். ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம் இல்ல. ஆனா அதை உனக்குச் சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல. தலைவர்தான் சொல்லணும்."

தலைவர் பிரஷ்நாரோவ் முப்பது வருடமாகக் கிடங்கு பார்ப்பவர். சோதனை முடிவு வந்த அன்று அவர் நெவெனாவை நிற்க வைத்தே பேசினார்.

"புள்ளி நாலு. குறைந்தபட்சத்துக்கும் கீழ. மீதி எங்க?"

"மீதி எதுங்க?"

"பொறக்கும்போது ஒவ்வொருத்தர்கிட்டயும் பத்து லட்சத்துக்குக் குறையாம ஒப்படைக்கப்படுதுன்னு மருத்துவப் புத்தகத்துலயே இருக்கு. அது எங்க போச்சு?"

"எல்லாருக்கும் அப்படித்தாங்க. தானா கொறைஞ்சுட்டே வரும். மாசாமாசமும் போகும்."

"யாரோட அனுமதியோட?"

பதின்மூன்று வயதில் யாரிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும் என்று நெவெனா உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"இருபது வருஷமா அனுமதி இல்லாத வெளியேற்றம்" என்று தலைவர் சுருக்கிச் சொன்னார். "எலித் தொல்லை உண்டா?"

"எங்க வீட்லயா?"

"கிடங்குல" என்று அவர் பேனாவை அவள் வயிற்றுப் பக்கம் நீட்டினார்.

"இல்லைங்க. எங்க அம்மாவுக்கும் சீக்கிரமே நின்னுபோச்சு. அதனாலதான் பயந்து வந்தேன்."

"அப்ப குடும்பமே சேர்ந்து செஞ்சிருக்கீங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அக்கறையோடுதான் பேசினார். "பாரும்மா, கையிருப்புன்னா என்ன? தொடக் கூடாதது. நான் இந்தக் கோதுமையில ஒரு மணியை ஒருத்தனையும் தின்ன விட்டதில்ல. வெள்ளம் வந்துச்சு, ஜனங்க வாசல்ல வந்து நின்னாங்க. குடுக்கலை. போன வருஷம் பாதி புழுத்துப்போச்சு. ஆனா கை படலை. எனக்குப் பதக்கம் குடுத்தாங்க."

"எனக்குச் சீட்டு குடுங்கய்யா. இருக்கறது இருக்கும்போதே சிகிச்சை பாத்துக்கறேன்."

"குறைந்தபட்சத்துக்குக் கீழ இருந்தா விடுவிக்க முடியாது."

"மேல இருந்தா?"

"மேல இருந்தா சிகிச்சை எதுக்கு?"

அவர் இதைச் சொல்லிவிட்டுத் தன் நியாயத்தின் அழகைத் தானே ஒரு கணம் ரசித்தார்.

அடுத்த வாரம் வாரியத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். விசாரணை முடியும்வரை இருப்புக்கு முத்திரை வைக்க வேண்டும் என்று உத்தரவு. எங்கே வைப்பது என்பதில் அவர்களுக்குள் தகராறு வந்தது. சரக்கு இருக்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றார் ஒருவர். நெவெனா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் காது சிவந்து, புழக்கம் நடக்கும் இடத்தில் வைத்தாலும் விதிக்கு ஒத்துவரும் என்று சொல்லிவிட்டார். படுக்கையறைக் கதவின் குறுக்கே கயிறு கட்டி, அரக்கு உருக்கி ஊற்றி, கோதுமைக் கதிர் பொறித்த முத்திரையை அழுத்தினார்கள். முத்திரை உடைந்தால் சீட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் படகுத்துறையிலிருந்து எந்திரக் கிரீஸ் அப்பிய கையோடு வந்த ஸ்தோயான் கதவுமுன் நெடுநேரம் நின்றான்.

"என் பைஜாமா உள்ள இருக்கு" என்றான்.

"பைஜாமாவும் இப்ப நாட்டோட கையிருப்பு."

"என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கான்?"

"துணைக் கிடங்குக்காரர்."

"சம்பளம் உண்டாமா?"

நெவெனா சிரித்தாள், பிறகு அழுதாள். அவன் கையைக் கழுவிவிட்டு வந்து, சமையலறையில் மடக்குக் கட்டிலை விரித்தான். அடுப்புப் பக்கமாக அவளுக்கு இடம் விட்டுத் தான் சுவர்ப் பக்கம் ஒடுங்கிப் படுத்தான். சுவர்ப் பக்கம் குளிர் அடிக்கும் என்பது இருவருக்கும் தெரியும். அவன் சொல்லவில்லை.

மார்ச் பாதியில் பிரஷ்நாரோவ் அவளைத் திரும்ப அழைத்தார். இம்முறை நாற்காலி போடச் சொன்னார்.

"வாரியத்துக்குப் பணம் குடுக்கற ஐரோப்பிய அலுவலகத்துலேர்ந்து ஒரு நிபுணர் வர்றார். விழா வைக்கறோம். பற்றாக்குறைப் பிரிவுலேர்ந்து ஒருத்தர் மேடையேறி உறுதிமொழி படிக்கணும். உன் குரல் ஊருக்கே தெரியும். படிச்சா மேடையிலயே உன் சீட்டு."

அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். 'என் கவனக்குறைவால் நாட்டின் கையிருப்பு குறைந்தது. இருப்பதைத் தொடாமல், குறைந்ததை நிரப்புவேன்.'

"தொடாம எப்படிங்க நிரப்பறது?"

"அது உறுதிமொழி. செய்முறை இல்ல."

"நான் படிச்சா மத்தவங்க?"

"உன் பின்னாடி அவங்களும் சொல்வாங்க. அப்பறம் குறைக்கு வாரியம் பொறுப்பில்லைன்னு ஆயிடும்." அவர் அன்போடு புன்னகைத்தார். "அதுதான் விழாவோட நோக்கமே."

விழாவுக்கு முந்தின நாள் நெவெனா தேவாலயத்துக்குப் போனாள். அங்கே உயிரோடிருப்பவர்களுக்கான மெழுகுவத்தி மேல் தட்டில், இறந்தவர்களுக்கானது கீழே மணலில். அவள் ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"இன்னும் வராதவங்களுக்கு எங்க ஏத்தறது?" என்று மெழுகுவத்தி விற்பவனிடம் கேட்டாள்.

அவன் சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டு யோசித்தான். "மேலயே ஏத்துங்க. வழி தெரியும்ல."

அவள் ஏற்றினாள். குழந்தையைக் கேட்டு வேண்டத்தான் வந்திருந்தாள். ஆனால் சுடரைப் பார்த்தபோது அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. முப்பத்தேழு வயதில் அந்த அம்மாள் யாரிடமும் சொல்லாமல் அழுதிருப்பாள். இப்போது அவள் பெண்ணே மேடையேறி அதைக் கவனக்குறைவு என்று சொல்வதா? கொடுக்கும்போது எண்ணாமல் கொடுத்தவர், குறைந்ததற்குக் கணக்குக் கேட்பவராக இருக்க முடியாது என்று நெவெனாவுக்குத் தோன்றியது. சீட்டு போனால் போகட்டும் என்று நினைத்தாள். மேல் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

விழா தானியக் கூடத்தில் நடந்தது. முன்வரிசையில் மாவட்டத்துப் பெண்கள் பதினைந்து இருபது பேரை உட்காரவைத்து, நாற்காலிகளில் 'பற்றாக்குறை' என்று அட்டை மாட்டியிருந்தார்கள். ஆசிரியை ஒருத்தி, தையல்காரி ஒருத்தி, இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி. யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்வரிசையில் நெவெனாவின் அம்மா. சுவரோரம் ருமியானா.

நிபுணர் லிண்ட்க்விஸ்ட் வடக்கே ஏதோ குளிர் நாட்டுக்காரர். உயரமாக, கூச்ச சுபாவத்தோடு, எதைப் பார்த்தாலும் நன்றி சொல்பவராக இருந்தார். அவருக்கு மொழிபெயர்க்க வாரியத்தின் கணக்கர். மேடையில் என்ன பேசப்படும் என்பது முன்பே முடிவாகிவிட்டதால், கணக்கர் மொழிபெயர்ப்பையும் முன்பே எழுதி எடுத்து வந்திருந்தார்.

பிரஷ்நாரோவ் வரவேற்றுப் பேசினார். "இந்தக் கிடங்கிலிருந்து இதுவரை எதுவும் வெளியே போனதில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நம் கோதுமை நம் மக்களுக்கானது. ஆகவேதான் மக்கள் அதைச் சாப்பிட அனுமதித்ததில்லை. இனி நம் பெண்களையும் அதே அக்கறையோடு பாதுகாப்போம்." கைதட்டல் கேட்டது. தட்டியவர்கள் வாரியத்துச் சம்பளக்காரர்கள்.

நெவெனா ஒலிபெருக்கிமுன் வந்தாள். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். பேருந்து நிலையத்தில் பேசும் அதே அவசரமில்லாத குரலில் பேசினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்துக்கு. வெர்போவோவிலிருந்து தலைநகர் மருத்துவமனை செல்லும் பெண்களுக்கு ஓர் அறிவிப்பு. நீங்கள் எதையும் திருடவில்லை. உங்கள் உடம்பு கிடங்கு இல்லை. அது யாரிடமும் ஒப்படைக்கப்பட்ட சரக்கும் இல்லை. தாமதத்துக்குக் காரணம் பயணிகள் அல்ல, நிலையத்தார். தயவுசெய்து யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். நன்றி."

கணக்கர் தலை நிமிராமல் தன் காகிதத்தை நிபுணருக்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்: என் கவனக்குறைவால் நாட்டின் கையிருப்பு குறைந்தது, இருப்பதைத் தொடாமல், குறைந்ததை நிரப்புவேன்.

லிண்ட்க்விஸ்டின் கண்கள் கலங்கின. அவருக்குப் புரியாத ஒன்றே ஒன்றுதான். இவ்வளவு நல்ல பெண்ணை ஏன் இப்படிப் பேசவைக்கிறார்கள்? அவர் எழுந்து அவள் அருகே வந்தார். வருவதற்குமுன் விமானத்தில் கற்றுக்கொண்ட ஒரு சொல் அவரிடம் இருந்தது.

"சம்மதமா?" என்று அவள் மொழியிலேயே கேட்டார்.

நெவெனா அவர் கண்ணைப் பார்த்தாள். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்படி, தலையை மேலும் கீழுமாக, நிதானமாக ஆட்டினாள்.

எங்கோ பின்னால் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்கள். லிண்ட்க்விஸ்டின் முகம் மலர்ந்தது. தட்டில் வைத்திருந்த சீட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு முன்வரிசையைப் பார்த்தார். "சம்மதமா? சம்மதமா?" என்று ஒவ்வொரு நாற்காலியாகக் கேட்டுக்கொண்டே போனார். ஆசிரியை நிமிர்ந்து உட்கார்ந்து, மேலும் கீழும். தையல்காரி மேலும் கீழும். இருபத்தாறு வயதுப் பெண் கழுத்து வலிக்கும்படி, மேலும் கீழும், மேலும் கீழும். வரிசை முழுவதும் அசையும் கோதுமை வயல்போல இருந்தது.

"இவங்க எல்லாருக்குமே இன்னிக்கே சீட்டு குடுத்தாகணும்" என்று அவர் பிரஷ்நாரோவிடம் சொன்னார். இதைக் கணக்கர் சரியாக மொழிபெயர்த்தார், ஏனென்றால் இதற்குக் காகிதம் இல்லை.

பிரஷ்நாரோவ் வாயைத் திறந்தார். அந்தப் பெண்கள் சொன்னது 'முடியாது' என்பதுதான் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் கணக்கர் படித்தது வேறு என்று ஆகும். அது யார் எழுதிக் கொடுத்தது என்ற கேள்வி வரும். பெண்கள் ஏன் கிடங்கில் இருக்கிறார்கள் என்றுகூட யாராவது கேட்கலாம். அதற்குப் பிறகு அமைச்சகத்தில் ஒரு மதியச் சாப்பாட்டு நேரம்வரை போக வேண்டியிருக்கும். முப்பது வருட அனுபவம் அவரைக் காப்பாற்றியது. வாயை மூடிக்கொண்டு கைதட்டினார்.

கிடங்கின் சரித்திரத்தில் முதல்முறையாக அன்று ஏதோ வெளியே போனது.

ஸ்தோயான் வாசலில் காத்திருந்தான். "அப்ப, நீ முடியாதுன்னு சொன்னதுக்குத்தான் குடுத்தாங்களா?"

"நான் பொய் சொல்லலை. மூணு தடவை ஆட்டினேன்."

"தெரியும். தெருவுலேர்ந்தே தெரிஞ்சுது."

தலைநகர் மருத்துவமனையில் அவளைப் பார்த்த மருத்துவர் தன்னைவிட இளையவளாக இருந்தது நெவெனாவுக்கு ஆறுதலாக இருந்தது. எடை பார்க்கவில்லை. எலியைப் பற்றிக் கேட்கவில்லை.

"மறைக்காம சொல்றேன்" என்றாள் மருத்துவர். "உங்க வயசுக்கு எண்ணிக்கை ரொம்பக் கம்மி. அம்மாவுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம். அதனால காத்திருக்க வேண்டாம். ஆனா இந்த எண் எவ்வளவு இருக்குன்னுதான் சொல்லும். இருக்கறது நல்லதா, இந்த வருஷம் தங்குமா, இதையெல்லாம் சொல்லாது. சிகிச்சை இல்லாமலேயும் சில பேருக்குத் தங்கியிருக்கு. சிகிச்சை எடுத்தும் தங்காம போயிருக்கு. முயற்சி பண்ணுவோம். உறுதி குடுக்க முடியாது."

"இதை எனக்கு மொதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்" என்றாள் நெவெனா.

"யாருமே சொல்லலையா?"

நெவெனா மணிக்கட்டு நூலைப் பார்த்தாள். "ஒருத்தங்க பாதி சொன்னாங்க."

ஊர் திரும்பி இறங்கியபோது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பிளம் மரம் பூத்திருந்தது. ருமியானா முறுக்கிக் கட்டிய நூலை நெவெனா அவிழ்த்து ஒரு கிளையில் கட்டினாள். அந்தக் கிளையில் அதே மாதிரி கட்டுத்துணி இழையும் சாக்கு நூலுமாக இன்னும் சில நூல்கள் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தன. யார் யாருடையவை என்று அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

வீட்டில் ஸ்தோயான் ரொட்டியை அறுத்து வைத்துவிட்டு, மடக்குக் கட்டிலை விரிக்கலாமா என்று கையில் பிடித்தபடி நின்றான். படுக்கையறைக் கதவில் அரக்கும் கோதுமைக் கதிரும் அப்படியே இருந்தன.

"இன்னிக்கும் சமையலறைதானா?" என்றான்.

நெவெனா மேசையிலிருந்த ரொட்டிக் கத்தியை எடுத்துக்கொண்டு கயிறு கட்டிய கதவுப் பக்கம் திரும்பினாள். தலையை மேலும் கீழுமாக ஆட்டினாள்.